கன்றோடு வரும் சொத்து

கரூரிலிருந்து திருச்சிக்கு வரும் சாலையில் பெட்டவாய்த்தலையைத் தாண்டியதும் ஒருபுறம் காவிரியும் மறுபுறம் உய்யக்கொண்டான் வாய்க்காலும் கூடவே வரும். ஜீயபுரம், முத்தரசநல்லூர் வரைக்கும் கண்ணில் படுவது பெரும்பாலும் வாழைதான். ஆற்றைக் கடந்தால் ஸ்ரீரங்கம் தீவு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட படுகை நிலங்களில் மறுபடியும் வாழை. அங்கே நிற்கும் ஒரு பூவன் மரத்தின் வயதைக் கேட்டால் தோட்டக்காரர் பத்து மாதம் என்பார், பன்னிரண்டு மாதம் என்பார். தார் வெட்டியதும் அதன் கணக்கு முடிந்தது. ஆனால் அந்த மரம் வந்தது தாய்க் கிழங்கிலிருந்து. அந்தத் தாய் வந்தது அதன் தாயிலிருந்து. நடுவில் மகரந்தம் சேர்ந்து விதை விழுந்து முளைத்த கட்டம் ஒன்றுகூட இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக நேரும் சிறு மாற்றங்களை விட்டுவிட்டால், தாத்தா நட்ட பூவனும் பேரன் வெட்டும் பூவனும் மரபணு அளவில் ஒரே செடி.

குடும்பத் தோட்டம் என்றதும் நிலம், கிணறு, மோட்டார், வாய்க்கால் முறை இவற்றைத்தான் பாகமாக எண்ணுகிறோம். வாழை வைக்கும் வீட்டில் இன்னும் இரண்டு சொத்துகள் கைமாறுகின்றன. ஒன்று, அந்தச் செடியின் மாறாத உடம்பு. மற்றது, அது நின்ற மண்ணில் ஆண்டாண்டாகக் குடியேறிய நுண்ணுயிர்கள், நல்லவையும் கெட்டவையும். செடியின் உடம்பை உழவரால் மாற்ற முடியாது. மண்ணை மாற்ற முடியும், நாளாகும் என்றாலும். வாழை தலைமுறை தாண்டி நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் இந்த மண்ணைப் பொறுத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் செடியைப் பார்ப்போம். நாம் உண்ணும் வாழைகள் பெரும்பாலும் இரண்டு காட்டு வாழைகளின் வழிவந்தவை. ஒன்று மூசா அக்குமினாட்டா, இன்னொன்று மூசா பால்பிசியானா. இரண்டிலும் பழம் நிறைய விதை. மிளகு மிளகாகக் கடிபடும், சதை சொற்பம். இவற்றின் மரபணுத் தொகுதிகளை முறையே ‘ஏ’ என்றும் ‘பி’ என்றும் குறித்து, ஒவ்வொரு வாழை ரகத்திலும் எது எத்தனை பங்கு என்று வகைப்படுத்தும் முறையை சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற இரு விஞ்ஞானிகள் 1955இல் வகுத்தார்கள். அதன்படி பூவனும் ரஸ்தாளியும் ‘ஏஏபி’. கற்பூரவள்ளியும் மொந்தனும் ‘ஏபிபி’. திசு வளர்ப்புக் கன்றாக எங்கும் பரவிவிட்ட ஜி-9 ‘ஏஏஏ’. ஒரு தொகுதிக்கு 11 குரோமோசோம். மூன்று தொகுதி என்றால் 33. விதை உண்டாக வேண்டுமானால் குரோமோசோம்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பிரிய வேண்டும். மூன்று இருந்தால் ஒன்று எப்போதும் தனியாக நின்றுவிடும். அதனால் விதை பிடிப்பதில்லை. மகரந்தம் சேராமலே காய் திரளும் இயல்பும் கூட இருப்பதால் நமக்கு விதையில்லாத பழம் கிடைக்கிறது. பழத்தை நறுக்கினால் நடுவில் தெரியும் சிறு கரும்புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோன சூல்களின் மிச்சம்.

தண்டு என்று நாம் கட்டிப்பிடிப்பதும் தண்டு அல்ல. இலை மட்டைகள் ஒன்றை ஒன்று இறுக்கிச் சுற்றி எழுப்பிய தூண் அது. மெய்யான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. குலை தள்ளும் காலத்தில் கிழங்கின் நுனி பூந்தண்டாக நீண்டு மட்டைகளின் நடுவே ஏறி உச்சியில் வெளிவருகிறது. அதோடு அந்த நுனியின் வளர்ச்சி முடிகிறது. அதற்கு முன்பே கிழங்கின் பக்கவாட்டில் கண்கள் விழித்துக் கன்றுகளாகியிருக்கும். தார் வெட்டிய பிறகும் மரத்தில் நீரும் சத்தும் மிச்சம் இருக்கின்றன. அது நின்றுகொண்டே காய்கையில் அவற்றில் ஒரு பகுதி கிழங்கு வழியாகக் கன்றுக்குப் போய்ச் சேருகிறது. மறுதாம்பு விடும் தோட்டங்களில் தார் வெட்டியதும் மரத்தை அடியோடு சாய்த்துவிடாமல் பாதி உயரத்தில் நிறுத்திவைக்கும் வழக்கம் இந்தக் காரணத்தால் பிறந்தது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கைப்பழக்கங்களில் தாவர உடலியலோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

தாயிடமிருந்து பாலும் வருகிறது, நோயும் வருகிறது. விதை வழிப் பயிர்களில் பல வைரசுகளும் பூஞ்சைகளும் விதையைத் தாண்டி அடுத்த தலைமுறைக்குள் நுழைய முடிவதில்லை. கன்று வழிப் பயிருக்கு அந்தத் தடுப்பு இல்லை. கிழங்கில் இருக்கும் நூற்புழு, கூன்வண்டின் முட்டை, சாற்றில் ஓடும் வைரஸ் எல்லாம் கன்றோடு அடுத்த குழிக்கு இடம் மாறுகின்றன. இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. பூஞ்சை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே போகும். செடி அப்படியே நிற்கும். ஒரு மரத்தைச் சாய்க்கும் வித்தையைக் கற்றுக்கொண்ட பூஞ்சை, அந்த ரகத்தின் எல்லா மரங்களையும் சாய்க்கக் கற்றுக்கொண்டதாகிவிடுகிறது.

உலகம் இதை ஒருமுறை பார்த்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மத்திய அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலில் போன பழம் குரோ மிஷேல் என்ற ஒரே ரகம். மண்ணிலிருந்து வேர் வழி ஏறும் ஃபுசேரியம் பூஞ்சை அதைத் தாக்கியது. பனாமா வாடல் என்று பெயர் பெற்ற அந்த நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. கம்பெனிகள் காட்டை வெட்டிப் புது நிலத்துக்கு நகர்ந்தன. நோயும் பின்னாலேயே வந்தது. 1950களிலும் 60களிலும் அவை குரோ மிஷேலைக் கைகழுவிவிட்டு, அந்தப் பூஞ்சைக்கு ஈடுகொடுத்த கேவண்டிஷுக்கு மாறின. நம் ஜி-9 அந்தக் கேவண்டிஷ் குடும்பத்துப் பிள்ளைதான். கம்பெனிக்குப் புது நிலம் கிடைத்தது, புது ரகம் கிடைத்தது. முத்தரசநல்லூரில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் எங்கே நகர்வார்?

அதே நோயின் ஓர் இனம் இங்கேயும் உண்டு. திருச்சிப் பக்கத்தில் அதற்கு முதலில் பலியாவது ரஸ்தாளி. கற்பூரவள்ளியும் மொந்தனும்கூடத் தப்புவதில்லை. பூவன் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். நட்ட நாலைந்து மாதத்தில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகத் தொடங்கும். பிறகு இலைக்காம்பு மட்டையோடு சேரும் இடத்தில் மடிந்து, காய்ந்த இலைகள் மரத்தைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். அடித்தண்டு நீளவாக்கில் வெடிக்கும். அந்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். நல்ல கிழங்கு வெட்டிய இடத்தில் பால் வெள்ளையாக இருக்கும். நோய் பிடித்த கிழங்கில் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் வட்ட வட்டமாக ஓடும். ஒவ்வொரு புள்ளியும் அடைபட்ட ஒரு நீர்க்குழாய்.

குழாயை அடைப்பதில் மரத்துக்கும் பங்கு இருக்கிறது. பூஞ்சை, வாழை இல்லாத காலத்தில் தடித்த சுவருள்ள வித்தாக மண்ணில் உறங்கும். இருபது முப்பது ஆண்டுகள்கூட அப்படியே கிடக்கும். பக்கத்தில் வாழை வேர் வந்து, அதிலிருந்து சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கசிந்தால் விழித்துக்கொள்ளும். வேர் நுனி வழியாகவோ நூற்புழு குத்திய காயம் வழியாகவோ நுழைந்து நீர்க்குழாய்களைப் பிடிக்கும். அந்நியன் ஏறுவதை உணர்ந்த செடி குழாய்க்குள் கோந்தையும் சதைப்பிதுக்கங்களையும் தள்ளி வழியை மறிக்கிறது. தாங்கும் ரகத்தில் இந்த மறியல் விரைவாக, வேர் மட்டத்திலேயே நடந்து பூஞ்சை உள்ளே சிக்கிக்கொள்ளும். ரஸ்தாளியில் மறியல் தாமதமாகிறது. அதற்குள் பூஞ்சை கிழங்கை எட்டியிருக்கும். கடைசியில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினாலும் மரம் தாகத்தில் வாடுகிறது. நீர் பாய்ச்சினால் சரியாகிவிடும் என்று எண்ணி மேலும் பாய்ச்சினால், அந்தத் தண்ணீரே வித்துகளை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகும்.

இந்த நோயைத் தோட்டத்திலிருந்து துடைத்தெடுக்கும் பூஞ்சைக்கொல்லி இதுவரை இல்லை. கிழங்கில் மருந்து ஏற்றும் முறைகள் உண்டு. சாய்வாகத் துளையிட்டு சூடோமோனாஸ் பாக்டீரியா நிரப்பிய மாத்திரையை வைத்து மண்ணால் மூடும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இவையெல்லாம் மரத்தைக் காப்பாற்றப் பார்ப்பவை. மண்ணில் உறங்குவதை என்ன செய்வது?

மத்திய அமெரிக்காவில் வாழைக் கம்பெனிகள் தோட்டங்களை இழந்துகொண்டிருந்தபோதே ஒரு விநோதம் கவனத்துக்கு வந்தது. சில மண்ணில் வாழை நாலைந்து ஆண்டிலேயே மடிந்தது. வேறு சில மண்ணில் அதே ரகம், அதே பூஞ்சை இருந்தும் பல பத்தாண்டுகள் நின்றது. குறிப்பிட்ட வகைக் களிமண் கலந்த நிலங்கள் இப்படி நீடித்தன என்று பிறகு ஆராய்ந்து எழுதினார்கள். அந்தக் களிமண்ணால் பூஞ்சை நேரடியாகச் சாகவில்லை. அதில் பாக்டீரியாக்கள் செழித்தன. பூஞ்சைக்குத் தேவையான உணவையும் இரும்பையும் அவை முந்திக்கொண்டு எடுத்தன. சூடோமோனாஸ் இனங்கள் இரும்பைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சுரக்கின்றன. சுற்றிலும் இரும்பு கிடைக்காமல் ஃபுசேரியம் வித்து முளைத்தாலும் தழைக்க முடியாமல் போகிறது. டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை இன்னும் ஒருபடி மேலே போய் ஃபுசேரியத்தின் இழைகளைச் சுற்றி வளைத்துத் தின்கிறது. நோயை அடக்கும் மண் என்று ஒன்று உண்டு. அது இயற்கையாகவும் அமையும், நிலத்தை ஆள்பவரின் கையாலும் உருவாகும். இரண்டாவதுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

காவிரிப் படுகைக்கு அந்த வேலையில் பாதியை ஒரு காலத்தில் ஆறே செய்து தந்தது. வெள்ளம் வந்து வடியும்போது வண்டலை விட்டுச் செல்லும்: மென்மையான களி, மக்கிய இலைதழை, மேற்கு மலைகளிலிருந்து கரைந்து வந்த தாதுக்கள். 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைத் தொடங்கியது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் தண்ணீரைப் பங்கிடத்தான். வண்டல் ஓட்டம் நிற்கவில்லை. பிறகு கண்ணம்பாடியில் ஓர் அணை, 1934இல் மேட்டூர் அணை. பெரிய அணைக்குள் ஆறு ஓட்டம் குறைந்து நிற்கும்போது சுமந்து வந்ததை அங்கேயே இறக்கிவிடுகிறது. கீழே வருவது தெளிந்த தண்ணீர். பாசனத்துக்கு நேரம் தவறாமல் நீர் தந்த அணையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு நிலத்தின் வண்டல் வருமானம் பெரும்பாலும் நின்றுவிட்டது என்பதை நாம் போதிய அளவு பேசியதில்லை. கொள்ளுப்பாட்டன் காலத்தில் ஆறு கொண்டுவந்து போட்டதை இன்றைக்குத் தோட்டக்காரர் தானே உண்டாக்கியாக வேண்டும்.

எவ்வளவு உண்டாக்க வேண்டும்? வாழையின் பசி முக்கியமாகச் சாம்பல் சத்துக்கானது. தோட்டக்கால் நிலத்தில் நேந்திரன் தவிர்த்த ரகங்களுக்கு மரம் ஒன்றுக்கு 110 கிராம் தழைச்சத்து, 35 கிராம் மணிச்சத்து, 330 கிராம் சாம்பல் சத்து என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணக்குச் சொல்கிறது. தழைச்சத்தைப்போல் மூன்று மடங்கு சாம்பல் சத்து! இந்தியாவில் தோண்டி எடுக்கும் பொட்டாஷ் கிடையாது; மூட்டையில் வருவது கனடா, ரஷ்யா, பெலாரூஸ் போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வருவது. இனி தாரின் கணக்கைப் பாருங்கள். நூறு கிராம் பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் பொட்டாசியம். பதினைந்து கிலோ தார் ஒன்று தோட்டத்தைவிட்டுப் போனால் ஐம்பது கிராம் அளவில் போகிறது. அதைத் தடுக்க முடியாது, விற்பதே அதற்காகத்தான். ஆனால் மரம் உறிஞ்சியதில் பெரும்பங்கு தாரில் இல்லை; மட்டையிலும் இலையிலும் கிழங்கிலும் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாக வெட்டி வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போட்டால் சில மாதங்களில் மக்கி, பொட்டாஷ் மண்ணுக்கே திரும்பும். பொட்டாசியம் செடிக்குள் எந்தக் கட்டுமானத்திலும் பிணைந்து கிடப்பதில்லை. சாற்றில் கரைந்தே இருப்பது. மட்டை அழுகியதும் மழை நீரோடு இறங்கிவிடும். வாய்க்கால் கரையில் வீசி எறியும் மட்டைக் குவியல், கப்பலில் வந்த காசு கரைந்து போகும் இடம்.

மூடாக்கு என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் கோ. நம்மாழ்வார். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்து, கரூர் மாவட்டம் கடவூரில் வானகத்தை நிறுவிய அவர், மண்ணை மூடி வை என்று கடைசிவரை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழைக்கு இந்த அறிவுரை மற்றப் பயிர்களைவிட ஒரு மடங்கு கூடுதலாகப் பொருந்தும். வாழையின் வேர்கள் மேல்மட்டத்திலேயே, பெரும்பாலும் ஓர் அடி ஆழத்துக்குள், பரவுகின்றன. சித்திரை வெயிலில் வெறும் மண்ணின் மேல்பரப்பு கொதிக்கும்போது முதலில் கருகுபவை அந்த வேர்கள். மூடாக்கு அவற்றுக்கு நிழல், நுண்ணுயிர்களுக்கு உணவு. சூடோமோனாஸையும் டிரைக்கோடெர்மாவையும் கடையில் பாக்கெட்டாக வாங்கி, தின்பதற்கு ஒன்றுமில்லாத மண்ணில் தூவினால் அவை பட்டினியில் சாகும். மக்கிய எருவில் வளர்த்துக் கலந்து போடச் சொல்வது இதனால்தான்.

இவற்றோடு டெல்டாவுக்கே உரிய ஒரு வழக்கத்தைச் சேர்க்க வேண்டும். நஞ்சையில் ஒரு வாழை எடுத்தபின் நெல் வைப்பது. நடவுக்குச் சேறடித்துத் தண்ணீர் கட்டிய சில நாட்களில் மண்ணுக்குள் பிராணவாயு தீர்ந்துவிடும். மூச்சுக்குப் பிராணவாயு வேண்டிய பூஞ்சையும் வாழை வேரைத் துளைக்கும் நூற்புழுவும் அந்த மூன்று நான்கு மாதம் திணறும். கூடவே, தின்பதற்கு வாழை வேரும் இல்லை. தைவானில் பனாமா வாடல் பரவிய நிலங்களில் நெல்லைச் சுழற்சியாக வைத்தபோது நோயின் அளவு வெகுவாகக் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். இங்கே அதற்கென்று புதிதாகக் கற்க வேண்டியதில்லை; வாய்க்கால், வரப்பு, ஆள், பழக்கம் எல்லாமே இருக்கின்றன. ஆனால் இதை முழு மருந்தாக எண்ணிவிடக் கூடாது. 1940களில் மத்திய அமெரிக்கக் கம்பெனிகள் நோய் வந்த நிலங்களைச் சுற்றி அணைகட்டி மாதக்கணக்கில் வெள்ளத்தில் மூழ்கடித்துப் பார்த்தன. மறுபடி வாழை வைத்ததும் சில ஆண்டுகளில் நோய் திரும்பிவிட்டது. வெள்ளம் பூஞ்சையோடு அதன் எதிரிகளையும் கழுவிவிடுகிறது. காலியான இடத்துக்கு முதலில் திரும்பி வருவது யார் என்பதே கேள்வி. நெல்லுக்குப் பின் சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுது, அதன்பின் வாழை வைத்தால் அந்த இடத்தை நல்ல உயிர்கள் பிடிக்க வாய்ப்பு அதிகம். வரப்போரம் செண்டுமல்லி வைப்பவர்களும் உண்டு. அதன் வேரில் ஊறும் ஒரு வேதிப்பொருளுக்கு நூற்புழு அஞ்சும். பூவை எடுத்துப்போக ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தை பக்கத்திலேயே இருக்கிறது.

நடுகன்றைத் தேர்ந்தெடுப்பதில் எல்லாக் கவனமும் ஓரிடத்தில் குவிகிறது. நல்ல தோட்டக்காரர் ஈட்டிக் கன்றைத்தான் எடுப்பார்: இலை ஒடுங்கி ஈட்டிபோல் நீண்டிருக்கும், அடி பருத்திருக்கும், எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோ, வயது மூன்று மாதம். அகன்ற இலையோடு மேலாக முளைத்த நீர்க்கன்று பார்க்கத்தான் பச்சை. கிழங்கில் சேமிப்பு கிடையாது. எடுத்த கன்றின் வேர்களை அரிவாளால் ஒட்டச் சீவி, கிழங்கின் மேல்தோலையும் லேசாகச் செதுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருப்பது தெரியும். கூன்வண்டின் புழு குடைந்த கருஞ்சுரங்கம், நூற்புழு அரித்த பழுப்புத் தழும்பு, வாடல் நோயின் செந்நிறக் கோடு: மூன்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தக் கன்று குழிக்குப் போகக் கூடாது. கன்று விலை ஏறியிருக்கும் பருவத்தில் இப்படிக் கழித்துப் போட மனம் வராது. ஆனால் ஒரு கன்றை மிச்சம் பிடிக்கப் போய் அந்தக் குழியையே பல ஆண்டுகளுக்கு இழக்க நேரிடும்.

கண்ணுக்குத் தெரியாமல் வரும் சொத்தும் ஒன்று உண்டு. வாழைக் கீற்று வைரஸ் என்ற வைரசின் மரபணுத் துண்டுகள் பால்பிசியானாவின் குரோமோசோம்களுக்குள்ளேயே என்றோ ஒரு காலத்தில் புகுந்து தங்கிவிட்டன. ‘பி’ தொகுதியைச் சுமக்கும் வாழைகள் பலவற்றில் அந்தத் துண்டுகள் உறங்குகின்றன. வெப்பம், வறட்சி, திசு வளர்ப்பின் அழுத்தம் போன்றவற்றால் அவை விழித்து முழு வைரசாக உருவெடுப்பது உண்டு. இலையில் மஞ்சள் கீறல்கள் தோன்றி, பின் கருகும், தார் சிறுக்கும். பூவனில் இந்த வைரஸ் தொற்று பரவலாகக் காணப்படுகிறது. வேலி போட்டுத் தடுக்க முடியாத விருந்தாளி இது. செடியின் எழுத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2019இல் கென்யாவில் ஆராய்ச்சியாளர்கள் கிறிஸ்பர் மரபணுத் திருத்த முறையால் ஒரு சமையல் வாழையில் இந்தத் துண்டுகளைச் செயலிழக்கச் செய்து காட்டினார்கள். பூவன் வைத்திருப்பவர் கையில் அந்தத் தொழில்நுட்பம் வரும்வரை அவரால் ஆவது ஒன்றுதான்: மரத்தை அழுத்தத்துக்கு ஆளாக்காமல் வைத்திருப்பது. அதாவது மறுபடியும் மூடாக்கு, நீர் முறை, சத்து.

திசு வளர்ப்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வைரஸ் சோதனை செய்து தேர்ந்த தாய்ச் செடியின் நுனியை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் பெருக்கினால் நூற்புழுவும் பூஞ்சையும் வண்டும் இல்லாத கன்று கிடைக்கும். பழனி மலைச்சரிவுகளின் விருப்பாச்சி வாழை முடிக்கொத்து நோயால் 1970களில் அழியும் நிலைக்குப் போனபோது அதை மீட்டெடுக்க இந்த வழி உதவியது. பெரும் நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வகக் கன்று சுத்தமாக வருகிறது என்றால் காவலும் இல்லாமல் வருகிறது என்று பொருள். வேரைச் சுற்றி வாழும் நல்ல பாக்டீரியாவும் அதோடு சேர்ந்து கழிந்துவிட்டது. நோய் உள்ள மண்ணில் அப்படியே நட்டால் கிழங்குக் கன்றைவிட விரைவில் விழவும் கூடும். நாற்றங்காலிலேயே நன்மை செய்யும் நுண்ணுயிர்களை ஊட்டி அனுப்புவது அதனால் அவசியம்.

இந்த ஆராய்ச்சிகளில் பலவும் நடப்பது திருச்சியிலேயே, தோகைமலை சாலையில் தாயனூர் அருகே 1993இல் அமைந்த தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில். நாட்டின் நூற்றுக்கணக்கான வாழை வகைகளை வயலில் உயிரோடு வைத்துக் காக்கும் இடம் அது. களர் உவர் நிலத்திலும் வரக்கூடிய காவேரி சபா, குட்டையாக வளரும் காவேரி கல்கி போன்ற ரகங்கள் அங்கிருந்து வந்தவை. கேவண்டிஷையும் வீழ்த்தும் ‘டிஆர்-4’ என்ற புது ஃபுசேரியம் இனம் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கண்டறியப்பட்டதிலிருந்து அந்த மையத்தின் பணி இன்னும் அவசரமாகிவிட்டது. இந்த இனம் 2013இல் மொசாம்பிக்கிலும் 2019இல் கொலம்பியாவிலும் உறுதியானது. 2024இல் ஆஸ்திரேலியா, காட்டு அக்குமினாட்டாவின் ஒரு மரபணுவை ஏற்றிய கேவண்டிஷ் வாழைக்கு ஒப்புதல் தந்தது. குரோ மிஷேல் போய் கேவண்டிஷ், கேவண்டிஷ் போய் இன்னொன்று என்று ஒரே ரகத்தை மாற்றி மாற்றி நடுவதே கம்பெனி வழியின் போக்கு. எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

திருச்சியின் பலம் வேறு. காந்தி மார்க்கெட் பக்கத்து வாழைக்காய் மண்டிக்குப் போனால் பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, ஏலக்கி, நேந்திரன், மொந்தன், செவ்வாழை எல்லாம் தனித்தனிக் குவியலாகக் கிடக்கும். அர்ச்சனைத் தட்டுக்கும் தாம்பூலத்துக்கும் பூவன், விருந்து இலைக்குப் பூவனும் மொந்தனும், பொரியலுக்கு மொந்தன் காய், சிப்ஸுக்கு நேந்திரன், வீட்டில் குழந்தைக்கு ரஸ்தாளி. தேவாரம் பாடப்பெற்ற திருப்பைஞ்ஞீலிக் கோயிலில் தல விருட்சமே வாழைதான். வாங்குபவர்களின் இந்தப் பழக்கம்தான் பல ரகங்களையும் வயலில் உயிரோடு வைத்திருக்கிறது. நோயியல் கண்ணோடு பார்த்தால் இது பெரிய அரண். ரஸ்தாளிக்கு அடுத்த பாத்தியில் பூவன் நின்றால், ரஸ்தாளியைச் சாய்க்கும் பூஞ்சைக்கு நடுவில் ஒரு வெட்டவெளி. ஐந்து கிராமமும் ஜி-9 மட்டும் வைத்தால் அந்த வெட்டவெளி கிடையாது. இந்தியா ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வாழை விளைவித்து உலகிலேயே முதலிடத்தில் இருக்கிறது. அதில் மிகப் பெரும்பங்கை நாமே சாப்பிடுகிறோம். எந்த ரகம் வயலில் நிற்கும் என்பதை ஏற்றுமதிக் கம்பெனியைவிட நம் கடைத்தெரு அதிகம் தீர்மானிக்கிறது.

மூடாக்கு, நெல் சுழற்சி, ரகக் கலப்பு ஆகியவற்றின் பலன் தெரிய மூன்று நான்கு ஆண்டாவது ஆகும். படுகையில் கணிசமான நிலம் குத்தகைக்கு ஓடுகிறது. ஒரு வாழைக்கு மட்டும் நிலம் பிடித்தவர், அடுத்தவர் அறுக்கப்போகும் நெல்லுக்காகத் தன் பருவத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். சணப்பை விதைக்க மாட்டார். மட்டையை வெட்டிப் பரப்பக் கூலி கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்வது நியாயமும் இல்லை. நிலம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் தன் கையில் இருக்கும் என்று தெரிந்த குடும்பத்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடிகிறது. குத்தகைக் காலத்தை நீட்டுவது வேளாண் அறிவியல் என்று யாரும் எண்ணுவதில்லை. வாழை மண்ணைப் பொறுத்தவரை அதுவும் ஒரு தாவர நோய்த் தடுப்பு.

சொந்த நிலத்திலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அப்பாவின் மூன்று ஏக்கரை மூன்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். வடிகால் ஒன்றுதான், மேல் பங்கில் தொடங்கிக் கீழ் பங்கைக் கடந்து வாய்க்காலில் விழும். மேலே ரஸ்தாளி வாடினால் வித்துகள் மழைத் தண்ணீரோடு நடுவனுக்கும் கடைசித் தம்பிக்கும் போகும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிட மதகுகள் 9 உடைந்த ஆண்டைப்போலக் கொள்ளிடம் நிறைந்து படுகைக்குள் ஏறிவிட்டால் வரப்பு, பாகம் எல்லாம் கரைந்துவிடும். யார் மண் யார் நிலத்துக்கு வந்தது என்று சொல்ல முடியாது. அண்ணன் ரஸ்தாளியை நிறுத்திப் பூவன் வைப்பது, நோய் வந்த மரத்தை வாய்க்காலில் தள்ளாமல் அதே குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைப்பது, மேல் பங்கில் வேலை செய்த மண்வெட்டியைக் கழுவாமல் கீழே கொண்டுவராமல் இருப்பது, மூவரும் ஒரே ஆண்டில் நெல்லுக்கு மாறுவது: இவை நாலும் நடந்தால் மூன்று பங்கும் தப்பும். அதற்கு அவர்கள் மாசிப் பட்டத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசி, அந்த ஆண்டு யார் எந்த ரகம் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.